மாப்பிள்ளைகளுக்குத் தனி வரிசை

தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978-இல் தொடங்கியது. அதில் முதன்முதலாகப் போய் விழுந்த கூட்டம் நாங்கள். எங்களுக்கு முந்தைய அண்ணன்மார் பதினோராம் வகுப்போடு பள்ளியை முடித்து, பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போய்த் தலை நிமிர்ந்து நடந்தார்கள். நாங்கள் மட்டும் கோவில்பட்டியில் அதே பள்ளியில், அதே பெஞ்சில், சின்னப் பிள்ளைகளாகவே கிடந்தோம். கேள்வித்தாள் எப்படி வரும் என்று கேட்டால் ஆசிரியர்களுக்கும் தெரியாது. புரட்டிப் பார்க்கப் பழைய வினாத்தாளும் கிடையாது. 1980 மார்ச்சில் ஒருவழியாகத் தேர்வை எழுதிவிட்டுப் பிரிந்தவர்கள், 45 ஆண்டுகள் கழித்து ஓர் ஆடி மாதத்தில் கூடினோம். அந்த ஏற்பாட்டில் எனக்கும் பங்கு இருந்ததால், இதே எண்ணத்தில் இருக்கும் அறுபது வயதுக்காரர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதல் தலைவலி ஆட்களைக் கண்டுபிடிப்பது. பையன்களை (அறுபத்திரண்டு வயதானாலும் எங்களுக்கு அவர்கள் பையன்கள்தான்) தேடுவதில் சிரமமே இல்லை. பெயர் அதே பெயர், இனிஷியல் அதே இனிஷியல், பாதிப்பேருக்குத் தெரு கூட அதே தெரு. பெண்கள் விஷயம் அப்படி இல்லை. கல்யாணத்தோடு அப்பாவின் எழுத்து போய் வீட்டுக்காரரின் எழுத்து வந்துவிட்டது. ஊர் மாறிவிட்டது. முகநூலில் தேடினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் திருச்செந்தூர் முருகன் இருக்கிறார், அல்லது ஒரு ரோஜாப்பூ இருக்கிறது. எந்த ரோஜாப்பூ நம்முடைய ரோஜாப்பூ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியில் கை கொடுத்தது கைப்பேசி அல்ல, பிறந்த வீடு. அண்ணன் தம்பி இன்னும் ஊரில் இருக்கிறார்களா என்று விசாரித்தோம். வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டோம். ஒரு தோழியின் முகவரி அவள் அம்மாவுக்கு அந்தக் காலத்தில் பூக்கட்டிக் கொடுத்த ஆச்சியின் மகளிடமிருந்து கிடைத்தது. ஊரைவிட்டுப் போகாத நாலு பேரைப் பிடித்துவிட்டால் போதும், மற்றவர்களை அவர்கள் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆர்வமாகக் குழு தொடங்குவார்கள், பெயர் வைப்பார்கள், சின்னம் கூட வரைவார்கள். ஆள் பிடிப்பது உள்ளூர்க்காரர்களால் மட்டுமே ஆகிற காரியம்.

நாள் குறிப்பதில் நாங்கள் செய்த புத்திசாலித்தனம் ஆடியைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணம், நிச்சயதார்த்தம், புதுமனை புகுவிழா. ஆடியில் இவை எதுவும் இல்லை. மண்டபங்கள் காற்று வாங்குகின்றன. வாடகையும் குறைத்துப் பேசலாம். ஆனால் ஆடி என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு தேதி போட்டுவிடக் கூடாது. ஆடி அமாவாசைக்குப் பாதிப்பேர் தர்ப்பணம் கொடுக்கப் போய்விடுவார்கள். ஆடிப்பூரம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர், ஆடித்தபசு என்றால் சங்கரன்கோவில். எங்கள் பக்கத்து ஆட்களை அந்த நாட்களில் வேறெங்கும் இழுக்க முடியாது. இவ்வளவையும் யோசித்த நாங்கள் யோசிக்காத ஒன்று காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். எங்கள் பிளக்ஸ் பேனர் எம்மாத்திரம்? வாசலில் கட்டிய ஒரு மணி நேரத்தில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் அதை மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு ரயில். இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அதற்கு முன்பே தேதியை அறிவித்துவிட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை நமக்காகக் காத்துக்கொண்டு இருக்காது. பெண்களுக்கு 45 வயதிலிருந்தும் ஆண்களுக்கு 60 வயதிலிருந்தும் கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு, ஆனால் நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அந்த முன்னுரிமை கிடைப்பது கடினம். கூடிப் பேசிக்கொண்டே போகலாம் என்று ஆசைப்பட்டு மொத்தமாகப் பதிவு செய்தவர்கள், இரவெல்லாம் நடுப்படுக்கையில் சுருண்டு கிடந்து காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்தார்கள்; அது இன்னும் திரும்பி வரவில்லை. அறுபது வயது ஆனதற்கு எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரே பரிசு அதுதான் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ரயில் பயணத்திலும் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிக்கொண்டு வருவார்.

மண்டபம் பார்க்கப் போன குழுவில் ஆண்கள் மேடை அலங்காரத்தைப் பார்த்தார்கள். நாங்கள் நேராகக் கழிப்பறையைப் பார்த்தோம். தரைத்தளத்தில் இருக்க வேண்டும், உட்காரும் வகை இருக்க வேண்டும், பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி இருந்தால் உத்தமம். மாடியில் சாப்பாட்டுக்கூடம் வைத்த மண்டபம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முழங்கால் வலிக்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். "எனக்குப் பசியில்லை" என்று கீழேயே உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாவது விஷயம் காது. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ போன்ற எழுத்துகள் நழுவிப் போகும், குரல் கேட்கும், சொல் விளங்காது. அதில் இரைச்சலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்காக நடக்கும் சண்டையில் இது எனக்கு நன்றாகவே தெரியும். நான் சமையலறையிலிருந்து கத்துவதைவிட, முன்னால் வந்து நின்று சாதாரணமாகச் சொன்னால் அவருக்குப் புரிகிறது. (புரிந்தும் செய்யாமல் இருப்பது வேறு வகை; அதற்குக் காது மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது.) ஆகவே பின்னணிப் பாட்டு கூடாது, இரைச்சல் ஒலிபெருக்கி கூடாது, வரிசை நாற்காலிக்குப் பதிலாக எட்டு எட்டுப் பேராக வட்டமாக உட்கார வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். பாட்டுக் கச்சேரி வேண்டும் என்று கேட்ட பையன்களுக்கு என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

கண்ணுக்கு ஒரு யோசனை: சட்டையில் குத்தும் பெயர் அட்டையை ஆறடி தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. சின்ன எழுத்து என்றால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு ஒருவர் நெஞ்சருகே குனிந்து படிக்க வேண்டிவரும், பார்க்க நன்றாகவா இருக்கும்? அட்டையில் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரை, அப்பாவின் இனிஷியலோடு எழுதினோம். இது தற்செயலாகத் தோன்றிய ஏற்பாடு. பெண்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தபோதுதான் இதுவே அன்றைய மிக நல்ல ஏற்பாடு என்று புரிந்தது. வீட்டில் நான் அம்மா, அத்தை, ஆச்சி. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண் மட்டும். அதுவும் வீட்டுக்காரர் இனிஷியலோடு. அன்று மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி என் பழைய இனிஷியலையும் சேர்த்துக் கூவி "இங்கே வாடி" என்றாள். கூட வந்திருந்த என் மருமகள், மாமியாரை ஒருவர் இப்படி அழைப்பதைக் கண்டு வெலவெலத்துப் போனாள். நான் அதைவிடச் சத்தமாகப் பதில் கொடுத்ததைப் பார்த்து இன்னும் அதிகமாக.

எங்கள் வகுப்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தோம் என்பது பதிவேட்டில் மட்டும் உண்மை. இடதுபக்கம் நாங்கள், வலதுபக்கம் அவர்கள், நடுவில் ஒரு நடைபாதை. நோட்டுப் புத்தகம் வேண்டுமென்றால்கூட ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு ஆண்டில் ஒரு வார்த்தை பேசாத பையன்களோடு முதன்முறையாக அன்றுதான் பேசினேன். அவர்களுக்குள் "வாடா, போடா" என்று உருண்டுகொண்டிருந்தவர்கள், எங்கள் பக்கம் திரும்பியவுடன் "நீங்கள் சௌக்கியமா?" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த மரியாதை தாங்கியது. பாயசத்துக்குப் பிறகு போய்விட்டது.

அழைப்பிதழிலேயே ஒரு விதி போட்டிருந்தோம்: முதல் ஒரு மணி நேரத்துக்கு 1980-க்குப் பின்னால் நடந்த எதையும் யாரும் பேசக் கூடாது. சிரிப்புக்காகப் போட்ட விதி போலத் தெரியும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த வயதில் "பையன் என்ன செய்கிறான்?" என்பது சாதாரணக் கேள்வி இல்லை. வேலை போன பையன் இருப்பான், பேசாமல் போன பையன் இருப்பான். "இன்னும் பேரன் பேத்தி இல்லையா?" என்ற கேள்வி ஒரு வீட்டையே அன்று முழுவதும் தூங்கவிடாது. "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்று கேட்கவே கூடாது, இளைத்தவருக்கு ஏன் என்று தெரியும், அதைச் சொல்ல அவர் அங்கே வரவில்லை. பழைய கதைக்கோ யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. முதியவர்களைக் கேட்டால் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவையே அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் சொல்வார்கள். நேற்று மாத்திரை சாப்பிட்டோமா என்று தெரியாதவர்கள், வேதியியல் ஆய்வகத்தில் எந்தக் குடுவையை யார் உடைத்தது என்பதில் அடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழிந்ததும் விதி முடிந்தது என்று அறிவித்தோம். யாரும் காதில் வாங்கவில்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சந்திப்புகள் கெடுவது இங்கேதான். எங்களில் ஒருவர் மருத்துவர், ஒருவர் இரவுக் காவலாளி. தீப்பெட்டி ஆலையில் கூலிக்குப் போய் மூன்று பெண்களைக் கரையேற்றியவளும் உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி போட்டால் சிலர் வர மாட்டார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். நன்கொடைப் பட்டியலைக் குழுவில் போட்டால் இன்னும் மோசம். பத்தாயிரம் கொடுத்தவர் பெயருக்குக் கீழே கைகூப்பும் படங்கள் குவியும், இருநூறு கொடுத்தவர் குழுவைவிட்டே வெளியேறிவிடுவார். எல்லோரும் நம்பும் ஒருவரிடம் மட்டும் பணம் போக வேண்டும், அவர் எவ்வளவு வந்தது என்ற மொத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வாயைத் திறக்கவே இல்லை. மிச்சமான பணத்துக்கும் கணக்குச் சொல்லிப் பள்ளி நூலகத்துக்கு அலமாரி வாங்கிக் கொடுத்தார். அதில் யார் பெயரும் எழுதக் கூடாது என்று சொன்னதும் அவர்தான். மனை விற்பவர்கள், காப்பீடு விற்பவர்கள், உடல் இளைக்கும் பொடி விற்பவர்கள் ஆகியோருக்குக் குழுவில் பேச்சுரிமை கிடையாது என்பதையும் முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

சாப்பாடு மாப்பிள்ளைச் சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. காரம் குறைவு, கூட இஞ்சித் துவையல். நாங்கள் படித்தபோது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம்தான். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிந்தது. எனவே சொதியில் எங்களுக்குப் பழைய பாத்தியதை உண்டு. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் கணிசமான பேர் எங்கள் வகுப்பில் படித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒன்றில் கறாராக இருந்தோம்: யார் மேடையில் பேசிக்கொண்டிருந்தாலும் பன்னிரண்டரைக்கு இலை போட்டாக வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்த்து நடுங்கும். பேச்சாளர்களைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல ஆயுதம் இல்லை என்பது உபரி லாபம். இனிப்பு வேண்டாம் என்று எல்லோரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் முதலில் காலியானது பாயசம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் கடலை மிட்டாயைப் பேரப்பிள்ளைகளுக்கு என்று கொடுத்த பொட்டலங்களில் எத்தனை அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஆசிரியர்களை மேடையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். உயிரோடு இருக்கும் இருவருக்கும் எண்பதைத் தாண்டிய வயது. முந்தின நாள் மாலை, சிறு குழுவாக அவர்கள் வீட்டுக்கே போனோம். கணக்கு ஆசிரியர் யாரையும் அடையாளம் காணவில்லை, ஆனால் ஒருவனிடம் "உன் கையெழுத்து திருந்தியதா?" என்று சரியாகக் கேட்டார். மறுநாள் வருகைப் பதிவேட்டை அவருடைய மகள் படித்தாள். இறந்தவர்களின் பெயரை விட்டுவிடலாமா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. விடவில்லை. அந்தப் பெயர் வரும்போது பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எழுந்து அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான சம்பவம் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். மௌன அஞ்சலியைவிட இது எங்களுக்குச் சரியாக இருந்தது.

சந்திப்புக்கு மறுநாள் கழுகுமலை. பள்ளியில் சுற்றுலா என்று கூட்டிப்போன அதே மலை. மேலே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து, முடிக்காமலே விட்டுவிட்டார்கள். வரிசையாகச் சமணச் சிற்பங்களும் உண்டு. அன்று மேலே ஓடியவர்களில் பாதிப்பேர் இன்று அடிவாரத்திலேயே நின்றுவிட்டோம். ஏறுகிறவர்கள் ஏறட்டும், உட்காருகிறவர்கள் கழுகாசலமூர்த்தி கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரட்டும் என்று முதலிலேயே இரண்டாகப் பிரித்தது நல்லதாயிற்று. "வா, வா, கொஞ்ச தூரம்தான்" என்று யாரையும் இழுக்கக் கூடாது. வீம்புக்கு ஏறுபவருக்கு இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குத் தீர்க்கும். மேலே போனவர்கள் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கீழே இருந்த நாங்கள் முந்தின நாள் விதியால் அடைத்து வைத்திருந்த எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். தனியாக இருப்பது எப்படி, பிள்ளைகள் வீட்டில் இருப்பது எப்படி, சொத்தை எப்போது எழுதி வைப்பது (கடைசிவரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்), எந்த வலிக்கு எந்த எண்ணெய், எந்த மருமகளிடம் எதைச் சொல்லக் கூடாது. அடுத்த முறை மலையேறும் கால் திரும்பி வந்தாலும் நான் கீழேதான் உட்காருவேன்.

வீட்டுக்காரர்களை, வீட்டுக்காரிகளை அழைப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி இருந்தது. அழைக்காவிட்டால் பெண்களில் பாதிப்பேர் வர மாட்டார்கள் என்பதால் அழைத்தோம். தோழர்களின் மனைவிமார் ஐந்து நிமிடத்தில் எங்களோடு கலந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர்கள்தான் பாவம். எந்த நகைச்சுவையும் புரியாமல், எல்லாப் படங்களிலும் ஓரமாக நின்று, பத்து மணிக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கென்று மின்விசிறிக்குக் கீழே ஒரு வரிசை நாற்காலி, இரண்டு செய்தித்தாள், ஒரு பிளாஸ்க் காப்பி வைத்தோம். யோசித்துச் செய்தது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். பதினொரு மணிக்கு அந்த வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறோம் என்பதைப் போட்டி போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு எங்கள் வகுப்புக் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. மாப்பிள்ளைகள் தனியாக ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். வரும் மார்கழியில் குற்றாலம் போகிறார்களாம். என் வீட்டுக்காரர் இரண்டு கீழ்ப் படுக்கைகளுக்கு முன்பதிவு செய்திருக்கிறார். எனக்கா என்று கேட்டேன். இல்லை, மதுரையிலிருந்து ஒரு நண்பர் ஏறுகிறாராம். அவருக்கு முழங்கால் வலியாம்.